பல நாட்டுப் போர்க்கப்பல்கள் கூடும் பயிற்சி: கடலில் உண்மையில் என்ன நடக்கிறது?

அந்தப் படத்தை எல்லோரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம். நடுவில் ஒரு விமானந்தாங்கிக் கப்பல், இரு பக்கமும் அம்பு வடிவில் ஏழெட்டுப் போர்க்கப்பல்கள், தலைக்கு மேல் விமானங்கள். படத்துக்குக் கீழே ‘போர்ப் பதற்றம்’ என்றோ ‘பலத்தைக் காட்டின’ என்றோ ஒரு வரி.

அந்தப் படத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சண்டை என்று வந்தால் எந்தக் கடற்படையும் அப்படி ஒட்டி நிற்காது. கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் பார்க்க முடியாத தூரத்துக்குச் சிதறிப் போய்விடும். அந்த அணிவகுப்பு கேமராவுக்காகவே செய்யப்படுவது. பயிற்சி அட்டவணையிலேயே படம் எடுப்பதற்கென்று தனியாக நேரம் ஒதுக்கியிருப்பார்கள். ஆக, பல நாள் பயிற்சியில் போருக்குத் துளியும் சம்பந்தமில்லாத ஒரு பகுதிதான் நம் கண்ணுக்கு வருகிறது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் ஒரு சாரார் ‘சண்டை வரப்போகிறது’ என்கிறார்கள், இன்னொரு சாரார் ‘எல்லாம் வெறும் படம் காட்டுவது’ என்கிறார்கள். படத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, மீதி நாட்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம்.

அலமாரியை மாடியிலிருந்து இறக்குவது போல

முன்பின் தெரியாத இருவர் ஒரு கனமான அலமாரியை மாடிப்படி வழியாக இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்குமே நல்ல உடல்பலம். ஆனால் முன்னால் இருப்பவர் பின்பக்கமாக நடக்கிறார். மேலே இருப்பவர் “இடது பக்கம்” என்கிறார். யாருடைய இடது? “கொஞ்சம் இறக்கு” என்றால் எவ்வளவு? “நில்லு” என்றால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பதா, கீழே வைத்துவிடுவதா? இரண்டாவது படியிலேயே யாராவது ஒருவருடைய விரல் நசுங்கும். பலம் குறைவால் அது நடப்பதில்லை, பேச்சு ஒத்துப்போகாததால் நடக்கிறது. இதே வேலையை நான்கு முறை சேர்ந்து செய்தவர்களுக்குப் பாதிச் சொல் போதும்.

கடற்படைகளின் கதையும் இதுதான். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திறமையானதாக இருக்கலாம். ஆனால் ஒரு நாட்டு மாலுமி தூரத்தை மீட்டரில் நினைப்பார், இன்னொரு நாட்டவர் கெஜத்தில் நினைப்பார். ஒருவருடைய எரிபொருள் குழாயின் முனை மற்றவருடைய கப்பலில் பொருந்தாமல் போகலாம். ஒருவருக்கு ‘தயார்’ என்றால் ‘கட்டளைக்குக் காத்திருக்கிறேன்’ என்று பொருள். மற்றவருக்கு ‘ஆரம்பித்துவிட்டேன்’ என்று பொருள். இந்த இடைவெளிகளை அடைத்து, தேவைப்படும் நாளில் ஒரே கடற்படைபோலச் செயல்பட முடிவதை ‘இணைந்தியங்கும் திறன்’ என்பார்கள். கூட்டுப் பயிற்சியின் மையம் அதுதான். குண்டு வெடிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டு நாடுகள் மட்டும் செய்தால் இருதரப்புப் பயிற்சி, மூன்றோ அதற்கு மேலோ சேர்ந்தால் பலதரப்புப் பயிற்சி. இதில் குட்டி வகை ஒன்றும் உண்டு. ஒரு நாட்டுக் கப்பல் இன்னொரு நாட்டுத் துறைமுகத்துக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது, போகிற போக்கில் அந்த ஊர்க் கப்பலுடன் சில மணி நேரம் கொடி, விளக்கு, ரேடியோ சமிக்ஞைகளைப் பரிமாறிக்கொண்டு போகும். இதற்குப் பெயர் ‘பாஸெக்ஸ்’, அதாவது கடந்துபோகும் பயிற்சி. செய்திகளில் ‘இரு நாடுகளும் கூட்டுப் பயிற்சி’ என்று பெரிதாக வருபவற்றில் கணிசமானவை இந்த ரகம்தான்.

கரையில் பாதி, கடலில் பாதி

பெரிய பயிற்சிகள் பொதுவாக இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் துறைமுகக் கட்டம். கப்பல்கள் எல்லாம் கரையில் கட்டிக்கிடக்கும். அதிகாரிகள் ஓர் அறையில் வரைபடத்தைச் சுற்றி உட்கார்ந்து, ‘இந்த நேரத்தில் இந்த இடத்தில் யார் இருப்பார்கள், ரேடியோ அறுந்துபோனால் என்ன செய்வது, ஹெலிகாப்டர் தவறான கப்பலில் இறங்க வந்தால் எப்படித் தடுப்பது’ என்று ஒவ்வொன்றாகப் பேசித் தீர்ப்பார்கள். மாலுமிகள் ஒருவர் கப்பலை மற்றவர் சுற்றிப் பார்ப்பார்கள், விளையாட்டுப் போட்டியும் நடக்கும். கேட்க அலுப்பாக இருக்கும். என் கணிப்பில் பாதிக்கு மேல் பயன் இங்கேதான் கிடைக்கிறது.

அப்புறம் கடல் கட்டம். நங்கூரம் தூக்கிக் கடலுக்குப் போய், பேசியதைச் செய்து பார்ப்பது. முதல் நாட்கள் முன்னரே எழுதிவைத்த வரிசைப்படி நடக்கும்: இத்தனை மணிக்கு இந்தத் திசையில் திரும்பு, இத்தனை மணிக்குச் சுடு. கடைசி நாட்களில் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கப்பல்களை இரு அணியாகப் பிரித்து, ‘இனி உங்கள் சாமர்த்தியம்’ என்று விட்டுவிடுவார்கள். எதிரணியில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கரைக்குத் திரும்பியதும் ‘வாஷ்-அப்’ என்று ஒரு கூட்டம் நடக்கும். யார் எங்கே சொதப்பினார்கள் என்று அங்கே அலசுவார்கள்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: ஒருவர் சொல்வது மற்றவருக்கு அப்படியே புரிய வேண்டும் என்பதற்காகக் கரையில் பேசி, கடலில் செய்து பார்த்து, மறுபடி கரையில் அலசுகிறார்கள்.

ஓடிக்கொண்டே எண்ணெய் நிரப்புவது

ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். நடுக்கடலில் எரிபொருள் நிரப்புவது. இதற்குக் கப்பலை நிறுத்துவதில்லை. நிற்கும் கப்பலை அலை தன் இஷ்டத்துக்கு ஆட்டும், தாக்குவதும் சுலபம். எனவே இரண்டு கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேலை நடக்கும். இரண்டு பேர் சைக்கிளில் இணையாகப் போகும்போது ஒருவர் மற்றவரிடம் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே ஒவ்வொரு சைக்கிளும் ஆயிரக்கணக்கான டன் எடை.

எண்ணெய்க் கப்பல் ஒரே திசையில், ஏறக்குறைய 12 நாட் வேகத்தில், நூல் பிடித்ததுபோலப் போகும். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். வாங்கும் கப்பல் பின்னாலிருந்து வந்து, பக்கவாட்டில் ஏறத்தாழ 40, 50 மீட்டர் இடைவெளியில் சேர்ந்துகொள்ளும். முதலில் ஒரு மெல்லிய கயிற்றைத் துப்பாக்கி போன்ற கருவியால் எதிர்க்கப்பலுக்குச் சுடுவார்கள். அந்தக் கயிற்றில் கட்டிக் கொஞ்சம் தடித்த கயிறு, அதில் கட்டி இரும்பு வடம், கடைசியில் வடத்தில் தொங்கியபடி வழுக்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய். இரண்டு கப்பலுக்கும் நடுவே, சீரான இடைவெளியில் வண்ணக் கொடிகள் கட்டிய இன்னொரு கயிற்றை மாலுமிகள் கையால் பிடித்திருப்பார்கள். அது ஓர் அளவுகோல். கப்பல் தலைவர் அந்தக் கொடிகளைப் பார்த்தே நெருங்குகிறோமா விலகுகிறோமா என்று கணிப்பார்.

ஆபத்து எங்கே என்றால் நடுவில் ஓடும் தண்ணீரில். இரு கப்பல்களுக்கிடையே தண்ணீர் குறுகிய வழியில் புகுந்து வேகமெடுக்கும்; வேகமெடுக்கும் இடத்தில் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று உறிஞ்சி இழுக்கும். அதைச் சமாளிக்கச் சுக்கானைப் பிடித்திருப்பவர் ஒன்றிரண்டு டிகிரி அளவில் திருப்பித் திருப்பிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கவனம் சிதறாமல்.

இதில் ‘யார் யாருக்கு என்ன சொல்கிறார்கள்’ என்பது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் பொதுவான கொடிகள் இருக்கின்றன. சிவப்பு நிற ‘பிராவோ’ கொடி ஏறினால் எரிபொருளோ வெடிபொருளோ கைமாறுகிறது என்று பொருள். எண்ணெய்க் கப்பலில் ‘ரோமியோ’ கொடி உச்சிக்குக் கீழே இருந்தால் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள்; உச்சிக்கு ஏறினால் தயார். தாய்மொழி எதுவானாலும் அந்தக் கொடி எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான். ஏதாவது தப்பாகப் போனால் குழாயை விடுவித்து விலகுவதற்கும் ஒரு வரிசை உண்டு. அதையும் வேண்டுமென்றே பழகிப் பார்ப்பார்கள். பல மாலுமிகளுக்கு வயிற்றைக் கலக்கும் நேரம் அதுதான்.

கண்ணாமூச்சி

நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது இன்னொரு பெரிய பாடம். கடலுக்குள் ரேடார் வேலை செய்யாது, ஒளியும் கொஞ்ச தூரத்துக்கு மேல் போகாது. மிச்சம் இருப்பது ஒலி. ஒலியை வைத்து நீருக்குள் பொருட்களைக் கண்டறியும் கருவிதான் சோனார். அது இரண்டு விதமாக வேலை செய்யும்: தானே ஓர் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பது, அல்லது சத்தமே போடாமல் மற்றவர்களின் எஞ்சின் ஓசைக்குக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பது.

சிக்கல் என்னவென்றால் ஒலி தண்ணீரில் நேராகப் போவதில்லை. மேல் தண்ணீர் சூடாகவும் கீழ்த் தண்ணீர் குளிராகவும் இருக்கும் இடத்தில் ஒலி வளைந்துவிடும். அந்த எல்லைக்குக் கீழே பதுங்கும் நீர்மூழ்கி, மேலே வரும் கப்பலின் சோனாருக்குத் தப்பலாம். ஒவ்வொரு கடலிலும் இந்த அடுக்கு வேறு ஆழத்தில் இருக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும். புத்தகத்தில் படித்து இது வராது. அந்தந்தக் கடலில், அந்தந்தப் பருவத்தில், உண்மையான நீர்மூழ்கியை வைத்துத் தேடித்தான் பழக வேண்டும். மின்கலத்தில் ஓடும் டீசல் நீர்மூழ்கிகள் மிக அமைதியானவை. அமெரிக்கக் கடற்படையிடம் இருப்பவை எல்லாம் அணுசக்தி நீர்மூழ்கிகள் என்பதால், சுவீடனின் ‘காட்லண்ட்’ என்ற நீர்மூழ்கியை மாலுமிகளோடு சேர்த்து 2005 முதல் இரண்டு ஆண்டு வாடகைக்கு எடுத்து சான் டியாகோவில் வைத்துக்கொண்டார்கள், தேடிப் பழகுவதற்காகவே.

இந்தத் தேடல் பயிற்சியில் நீர்மூழ்கி உண்மையான டார்பிடோவை, அதாவது நீருக்குள் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டை, ஏவாது. ‘சுட்டுவிட்டேன்’ என்று சொல்வதற்கு வண்ணப் புகைக் குப்பி ஒன்றை மேலே அனுப்பும். பல மணி நேரம் தேடிக்கொண்டிருக்கும் கப்பலின் அருகிலேயே திடீரென்று தண்ணீரைப் பிளந்துகொண்டு பச்சைப் புகை எழும். அவ்வளவுதான், கணக்கில் அந்தக் கப்பல் மூழ்கியாயிற்று.

சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள் என்பதற்காக எல்லா ரகசியத்தையும் திறந்து காட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். ரேடாரின் மிகச் சிறந்த நிலையை அணைத்தே வைத்திருப்பார்கள். தன் நீர்மூழ்கியின் முழு வேகத்தைக் காட்ட மாட்டார்கள். பக்கத்தில் வரும் நண்பனும் கேட்டுக்கொண்டுதான் இருப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுடுவதும் சொல் தவறுவதும்

சுடும் பயிற்சிக்கு இலக்குகள் பல விதம். காற்றடைத்து மிதக்க விடும் பெரிய சிவப்பு அல்லது ஆரஞ்சு பலூனை அமெரிக்க மாலுமிகள் ‘கொலைகாரத் தக்காளி’ என்று அழைக்கிறார்கள். வானில் சுட, விமானம் ஒன்று நீண்ட கம்பியின் நுனியில் இலக்கை இழுத்துக்கொண்டு போகும். பெரிய பயிற்சிகளில், ஓய்வுபெற்ற கப்பலைச் சுத்தம் செய்து ஆழ்கடலுக்கு இழுத்துச் சென்று மூழ்கடிப்பதும் உண்டு. அமெரிக்கா நடத்தும் பலதரப்புப் பயிற்சியான ‘ரிம்பாக்’ 2024-இல் ஹவாய்க்கு அருகே நடந்தபோது ‘தராவா’ என்ற பழைய அமெரிக்கக் கப்பலை அப்படித்தான் மூழ்கடித்தார்கள். பெரிய கப்பல் ஒன்று எத்தனை அடி தாங்கும் என்பதற்கு இதைவிட நேரடியான பதில் கிடைக்காது.

உண்மையான குண்டு கலந்திருக்கும் இடத்தில் சொல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. 1996-இல் ரிம்பாக் பயிற்சியின்போது ஜப்பானின் ‘யூகிரி’ கப்பல், இழுத்துவரப்பட்ட இலக்குக்குப் பதிலாக அதை இழுத்துவந்த அமெரிக்க விமானத்தையே சுட்டு வீழ்த்திவிட்டது. விமானத்தில் இருந்த இருவரும் குதித்துத் தப்பினார்கள்.

1992-இல் நடந்தது அப்படி முடியவில்லை. ஏஜியன் கடலில், அமெரிக்காவும் துருக்கியும் உறுப்பினர்களாக உள்ள நேட்டோ ராணுவக் கூட்டணியின் பயிற்சி. அமெரிக்காவின் ‘சரடோகா’ கப்பலில் நள்ளிரவு கடந்து முன்னறிவிப்பில்லாமல் ஒரு ஒத்திகை ஆரம்பித்தார்கள். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்ட ஏவுகணைக் குழுவினருக்கு இது ஒத்திகை என்று யாரும் சொல்லவில்லை. ஏவுகணையைத் தயார்படுத்தச் சொல்லும் ஒரு கட்டளை வந்தது. மேற்பார்வையிட்ட அதிகாரிகளுக்கு அந்தச் சொற்றொடர் நிஜமாக ஏவுவதற்கான படி என்று தெரியவில்லை. கருவியின் முன் இருந்தவர்கள் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு ஏவுகணைகள் பறந்து துருக்கியின் ‘முவாவெனெத்’ கப்பலைத் தாக்கின. கப்பல் தலைவர் உட்பட 5 பேர் இறந்தார்கள். இது இரு நாட்டினரிடையே நடந்த மொழிக் குழப்பம்கூட இல்லை. ஒரே கப்பலில், ஒரே மொழி பேசியவர்களிடையே நடந்தது.

இதனால்தான் பயிற்சிச் செய்தி ஒவ்வொன்றும் ‘பயிற்சி, பயிற்சி’ என்ற முன்னொட்டோடு ரேடியோவில் போகும். பிரிட்டிஷ் மரபில் வந்த படைகளில், நடுவே உண்மையிலேயே விபத்து நேர்ந்தால் ‘நோ டஃப்’ என்று சொல்வார்கள். ‘இது நாடகமில்லை, நிஜம்’ என்று அர்த்தம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் விளையாட்டு அங்கேயே நிற்கும்.

அப்படியானால் இது கூட்டணியா?

இங்கேதான் குழப்பம் அதிகம். கூட்டணி என்பது ‘உன்னைத் தாக்கினால் நானும் வருவேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம். கூட்டுப் பயிற்சியில் அப்படி எந்தக் கடமையும் இல்லை. இந்தியா பிரான்ஸோடு பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்கிறது. 2001-இல் அதற்கு ‘வருணா’ என்று பெயர் வந்தது. அமெரிக்காவோடு 1992 முதல் ‘மலபார்’. ரஷ்யாவோடு 2003 முதல் ‘இந்திரா’. இந்த நாடுகள் எல்லாம் ஒருவருக்கொருவர் கூட்டாளிகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1971-இல் தொடங்கிய ரிம்பாக்குக்கு, அமெரிக்காவின் போட்டியாளரான சீனாவே 2014-இலும் 2016-இலும் அழைக்கப்பட்டு வந்தது. 2014-இல் பயிற்சிக்கு வந்த கப்பல்கள் போதாதென்று, அழைக்கப்படாத ஒரு வேவுக் கப்பலும் சற்றுத் தள்ளி நின்று கவனித்துக்கொண்டிருந்தது. 2018-இல் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது.

அதே நேரம், அரசியலே இல்லை என்றும் சொல்ல முடியாது. யாரை அழைக்கிறார்கள், யாரை விடுகிறார்கள், எந்தக் கடலில் நடத்துகிறார்கள் என்பதெல்லாம் ஒரு பேச்சுதான். 1998-இல் இந்தியா அணுகுண்டுச் சோதனை நடத்தியதும் அமெரிக்கா மலபாரை நிறுத்தியது. 2002-இல் மீண்டும் தொடங்கியது. 2007-இல் வங்காள விரிகுடாவில் ஜப்பான், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் சேர்ந்து ஐந்து நாடுகளாக நடத்தியபோது சீனா அதிருப்தி தெரிவித்தது. ஜப்பான் 2015-இல் நிரந்தர உறுப்பினரானது. ஆஸ்திரேலியா திரும்பி வர 2020 வரை ஆயிற்று. நாடுகளின் உறவு வெப்பமானியைப் போல இந்தப் பட்டியலில் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். மறுபுறம், 1995-இல் நான்கு வெளிநாடுகளோடு அந்தமானில் தொடங்கிய இந்தியாவின் ‘மிலன்’ 2024-இல் ஏறக்குறைய 50 நாடுகள் வரை வளர்ந்தது. அவ்வளவு பேர் கூடும் இடத்தில் நுணுக்கமான போர்ப் பயிற்சி சாத்தியமில்லை. பழகுவதுதான் அங்கே முக்கியம். கூட்டம் பெரிதாகப் பெரிதாகப் பாடம் எளிதாகும் என்பது பொதுவான விதி.

எங்கே நடத்தலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை அந்த நாட்டின் சொந்தக் கடல். அங்கே மற்றவர்கள் அனுமதியில்லாமல் ஆயுதப் பயிற்சி செய்யக் கூடாது. 200 கடல் மைல் வரை அந்த நாட்டுக்கு மீன், எண்ணெய் போன்ற வளங்களில் தனி உரிமை உண்டு. அதைப் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்பார்கள். அதற்குள் வெளிநாடுகள் ராணுவப் பயிற்சி நடத்தலாமா என்பதில் உலகம் ஒத்துப்போகவில்லை. எங்கள் சம்மதம் வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. தேவையில்லை என்பது அமெரிக்காவின் நிலை. அந்த இருவரும்தான் ஆண்டுதோறும் சேர்ந்து பயிற்சி செய்கிறார்கள்!

ஆக, இதைக் கூட்டணி என்றால் அதிகம், வெறும் படம் என்றால் குறைவு. கையெழுத்தில்லாத பழக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நிஜம் குறுக்கே வரும்போது

2022 ரிம்பாக்கின் நடுவே, ஜூலை 17 அன்று பெருவின் ‘கிசே’ என்ற போர்க்கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. பலத்த காயமடைந்த இரண்டு மாலுமிகளைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றிலிருந்தும் அமெரிக்கக் கடலோரக் காவல் கப்பல் ஒன்றிலிருந்தும் வந்த ஹெலிகாப்டர்கள் ஹொனலுலுவுக்குத் தூக்கிச் சென்றன. மூன்று நாடுகள், ஒரே அவசரம். பயிற்சிக்காக ஒரே கடலில், ஒரே ரேடியோ ஒழுங்கில் அவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

நீர்மூழ்கி மீட்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மூழ்கிய நீர்மூழ்கியின் வெளியேறும் கதவின் மேல் சிறிய மீட்பு வாகனம் ஒன்று வந்து கச்சிதமாக ஒட்டினால்தான் உள்ளே இருப்பவர்களை வெளியே எடுக்க முடியும். அதற்குக் கதவின் விளிம்பு பொது அளவில் இருக்க வேண்டும். 2000-இல் ரஷ்யாவின் ‘குர்ஸ்க்’ மூழ்கி 118 பேர் இறந்த பிறகு, யாரிடம் என்ன மீட்புக் கருவி எங்கே இருக்கிறது என்று ஒருங்கிணைக்கச் சர்வதேச அலுவலகம் ஒன்று 2003-இல் உருவானது. ஒரு நாட்டு மீட்பு வாகனம் இன்னொரு நாட்டு நீர்மூழ்கியில் போய் ஒட்டுவதைப் பழகுவதற்கென்றே ‘பசிபிக் ரீச்’ என்ற பயிற்சி நடக்கிறது.

2021 ஏப்ரலில் இந்தோனேசியாவின் ‘நங்கலா’ நீர்மூழ்கி, பாலிக்கு வடக்கே டார்பிடோப் பயிற்சியின்போது 53 பேரோடு காணாமல் போனது. ஓரிரு நாட்களுக்குள் சிங்கப்பூர், மலேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் மீட்புக் கப்பல்கள் புறப்பட்டன. ஆஸ்திரேலியா, அமெரிக்கா தேடுதலுக்கு வந்தன. நீர்மூழ்கி 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டாகக் கிடந்தது. யாரும் பிழைக்கவில்லை. அதைக் கேமராவில் பார்த்து உறுதிசெய்தது சிங்கப்பூர்க் கப்பல் கடலுக்குள் இறக்கிய ஆளில்லாக் கருவி.